ஒயில் கானில் ஒரு குளிர்காலம்

மட்டக்களப்பு நோக்கிப் போகும் ஏ4 வீதியில், கல்முனை நகரத்தில் தொடங்கி பாண்டிருப்பு, மருதமுனை என்று வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குக் குறைவில்லை. எந்தக் கடையின் தட்டைப் பார்த்தாலும் நாலு லீற்றர் ஒயில் கான்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முகத்திலும் இரண்டு இலக்கங்கள், நடுவில் ஓர் ஆங்கில எழுத்து: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50. அந்த டபிள்யூவை ‘வெயிட்’ என்று, ஒயிலின் பாரம் என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். உண்மையில் அது ‘வின்ரர்’ என்ற சொல்லின் முதலெழுத்து. மார்கழி விடியலிலும் 22, 23 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தயங்கும் இந்தக் கரையோரத்தில் விற்கிற கானிலும் குளிர்காலத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்த எழுத்தையும் அதற்கு முன்னால் நிற்கும் இலக்கத்தையும் நாம் பொருட்படுத்துவதில்லை. ஜப்பானிலிருந்து வந்த கலப்பின வாகனத்துக்கு 0டபிள்யூ-20 ஊற்றப் போனால், “இது தண்ணி மாதிரி இரிக்கே, காக்கா, நம்மட வெயிலுக்குத் தாங்குமா?” என்ற கேள்விதான் முதலில் வரும். குளிர்நாட்டுக்கு மெல்லிய ஒயில், வெயில் நாட்டுக்குத் தடித்த ஒயில் என்பது இங்கே பெரும்பாலான கராஜ்களின் எழுதாத சட்டம். அந்தச் சட்டம் பாதிதான் சரி. மீதிப் பாதி எஞ்சினுக்குக் கேடு. ஊரின் வெப்பநிலையைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டியது முதல் இலக்கத்தை மட்டுமே. இரண்டாவது இலக்கத்தை எஞ்சினைக் கட்டியவனிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் நமக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. கடுங்குளிரில் நிற்கும் வேகக் கார்தான் அது. கனடாவின் வின்னிபெக்கிலோ நோர்வேயின் உள்நாட்டுப் பகுதியிலோ பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையில் இரவு முழுவதும் வெளியில் நின்ற காரை காலையில் இயக்கி, அரை மணி நேரத்தில் நெடுஞ்சாலையில் விரட்டுகிறவருக்கு, ஒரே ஒயில் இரண்டு எதிரெதிரான வேலைகளைச் செய்தாக வேண்டும். விடியலில் அது உறையாமல் ஓட வேண்டும். அரை மணிக்குப் பிறகு, கொதிக்கும் எஞ்சினுக்குள் நீர்த்துப்போகாமல் நிற்க வேண்டும். எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் ஜே300 என்ற தரநிர்ணயம் இந்த இரண்டையும் தனித்தனியாகவே சோதிக்கிறது. 0டபிள்யூ என்று பெயர் பெற, பூச்சியத்துக்குக் கீழ் 35 பாகையில் எஞ்சினைச் சுழற்றும்போது ஒயிலின் பிசுக்குமை 6,200 சென்ரிபொய்ஸைத் தாண்டக் கூடாது. 20 பாகையில் தண்ணீரின் பிசுக்குமை 1 சென்ரிபொய்ஸ். ஆகவே அந்த மெல்லிய ஒயில்கூட அந்தக் குளிரில் தேனுக்குக் கிட்டத்தான் நிற்கும். 5டபிள்யூ இதே சோதனையை மைனஸ் 30இல் எழுதுகிறது. 10டபிள்யூ மைனஸ் 25இல். நம் ஊருக்கு மிகப் பழக்கமான 20டபிள்யூ மைனஸ் 15இல். இரண்டாவது இலக்கத்துக்குப் பரீட்சை மண்டபமே வேறு. அது 100 பாகையில் ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதையும், 150 பாகையில் உலோகங்களுக்கிடையே நசுங்கும்போது எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதையும் அளக்கிறது. வெளியில் பனி கொட்டுகிறதா, வெயில் கொளுத்துகிறதா என்பது அந்தச் சோதனையில் எங்கும் வராது.

எஞ்சின் ‘ஸ்ரார்ட்’ ஆகிவிட்டால் ஒயில் சரி என்று நினைப்பது மனித இயல்பு. அந்த நினைப்பு எவ்வளவு பெரிய பொய் என்பதை 1980–81 குளிர்காலம் அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்து சூ ஃபோல்ஸ் நகரத்தில் காட்டியது. அங்கே எஞ்சின்கள் வழக்கம்போல் இயங்கத் தொடங்கின. பிறகு ஒயில் கிடைக்காமல் பழுதாகின. ஊற்றியிருந்த ஒயில்கள் அன்றைய சோதனைகளில் தேறியவைதான். ஒயில் மெதுமெதுவாகக் குளிர்ந்தபோது அதிலிருந்த மெழுகு நிதானமாக வலை பின்னி, ஒயிலைப் பாதித் திண்மமாக்கிவிட்டது. எங்கள் பக்கத்து எருமைத்தயிர்ச் சட்டியை நினைத்துப் பாருங்கள். நன்றாக உறைந்த தயிரில் ஒரு கரண்டி அள்ளினால் அந்தப் பள்ளம் அப்படியே நிற்கும். பக்கத்துத் தயிர் ஓடிவந்து அதை நிரப்பாது. ஒயில் பம்பும் அதைத்தான் செய்தது. தன் வாய்க்கருகில் இருந்ததை ஒரு தடவை உறிஞ்சி ஒரு குழியை உண்டாக்கியது. அதன் பிறகு அதற்குக் கிடைத்தது வெறும் காற்று. எஞ்சினைச் சுழற்றுவது எவ்வளவு சுலபம் என்பது ஒன்று, ஒயில் பம்பின் வாய்க்கு வந்து சேருமா என்பது வேறொன்று என்ற பாடம் அப்போதுதான் வலுவாக உறைத்தது. மெதுவாகக் குளிரவைத்து அளக்கும் சோதனை தரநிர்ணயத்துக்குள் வந்தது. இன்று 0டபிள்யூ ஒயில் மைனஸ் 40 பாகையிலும் பம்பினால் இழுக்கக்கூடியதாக இருந்தால்தான் அந்தப் பெயரைச் சூடலாம்.

மெழுகு என்பது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறையும். நுவரெலியாவுக்குப் போன போத்தல் கட்டியாகி நிற்கும். ரொறன்ரோவுக்குப் போனது சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் தலைக்கு வரும். அங்கே உறைவது கொழுப்பு, எஞ்சினில் உறைவது மெழுகு; கண்ணுக்குத் தெரியும் கூத்து ஒன்றுதான். டீசலுக்கும் இதே வியாதி உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் வாகனங்கள் படும் பாட்டைத் தீர்க்க, மைனஸ் 33 பாகை வரை ஓடக்கூடிய தனி டீசலை இந்தியன் ஒயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. எஞ்சின் ஒயிலில் இந்த மெழுகுப் பிரச்சினைக்கு வந்த நல்ல மருந்து செயற்கை ஒயில். நிலத்தடி எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண ஒயிலில் எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் மெழுகு தங்கும். மூலக்கூறுகளை ஆலையில் வைத்தே கட்டியெழுப்பும் செயற்கை ஒயிலில் அது இராது. 0டபிள்யூ என்ற தகுதியைச் சாதாரண ஒயில் எட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆக, ‘சிந்தெற்றிக்’ என்ற சொல் வெறும் விளம்பரமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சொல்லலாம்: 20டபிள்யூ-50 கானில் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி குறைவு, 0டபிள்யூ-40 கானில் மிக அதிகம்.

இனி இரண்டாவது இலக்கம். வேகக் கார்களில்தான் இது சுவாரசியமாகிறது. நிஸான் ஜிரி-ஆர் காருக்கு ஆலையிலேயே ஊற்றி அனுப்பியது 0டபிள்யூ-40. அந்தக் காருக்குக் கடுங்குளிர் பெரிய தலையிடியில்லை. குளிருக்கும் சூட்டுக்கும் ஒரே கான் போதும். ஆனால் பிஎம்டபிள்யூ தன் எம்3 காரின் எஸ்54 எஞ்சினுக்கும், பின்னர் வந்த எஸ்65, எஸ்85 எஞ்சின்களுக்கும் கேட்டது 10டபிள்யூ-60. நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று வரை போகும் அந்த எஞ்சின்களின் பெயரிங்குகளைக் காக்கத் தடித்த ஒயில் வேண்டும் என்று கட்டியவர்கள் கருதினார்கள். அதே காரை மைனஸ் 35இல் நிறுத்தினால் 10டபிள்யூ தன் வாக்குறுதியின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மைனஸ் 30 வரைக்கும்தான் பம்பினால் இழுக்கப்படுவேன் என்று அது கையெழுத்துப் போட்டிருக்கிறது. இப்போது என்ன செய்வது? பலரும் முதலில் நினைப்பது, குளிர்காலத்துக்கு மட்டும் 0டபிள்யூ-30 ஊற்றிவிடலாம் என்பது. காலையில் அது அழகாக ஓடும். நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறி விரட்டும்போது, கட்டியவர் கேட்ட தடிப்பில் பாதிதான் அங்கே இருக்கும். பெயரிங்குக்கு வெளியில் பனி என்று தெரியாது. ஆகவே புத்திசாலிகள் ஒயிலை மாற்றுவதில்லை, காரின் இரவை மாற்றுகிறார்கள். சூடான கராஜுக்குள் நிறுத்துகிறார்கள். அல்லது எஞ்சினுக்குள் மின்சூடேற்றியைப் பொருத்துகிறார்கள். கனடாவின் மேற்குச் சமவெளி நகரங்களில் வாகனத் தரிப்பிடங்களில் மின்செருகிகள் வரிசையாக நிற்பதும், கார்களின் மூக்கில் ஒரு வயர் தொங்குவதும் அதற்காகத்தான். அதுவும் முடியாவிட்டால் கார்த்திகையிலிருந்து பங்குனி வரை அந்தக் காரை மூடிவைத்துவிட்டு வேறொன்றை ஓட்டுகிறார்கள்.

அந்த எம்3 காரின் டாஷ்போர்டில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. சுற்று வேகமானியின் விளிம்பில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரியும். எஞ்சின் குளிராக இருக்கும்போது கீழிருந்தே அவை எரிந்து, இதற்கு மேலே போகாதே என்று எல்லை போடும். ஒயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்து வழிவிடும். தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் இந்த விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்; ஏனென்றால் தண்ணீரைவிட ஒயில் மெதுவாகத்தான் சூடேறும். நம் வாகனங்களில் இந்த விளக்குகள் இல்லை. ஆனால் அவை சொல்லும் உண்மை நம் வாகனங்களுக்கும் உண்டு என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

புலம்பெயர்ந்த உறவுகளின் அறிவுரைக்கு இங்கே தனி மரியாதை உண்டு. “கனடாவில எல்லாரும் சீரோ டபிள்யூதான் ஊத்துறம்” என்று மச்சான் தொலைபேசியில் சொல்லிவிட்டால் அது வேதவாக்கு. அல்லது அதற்கு நேர்மாறாக, “அது பனி நாட்டுக்கு, நமக்கில்லை” என்று தள்ளிவிட ஒரு காரணம். இரண்டும் குளிரைப் பற்றிய தோராயமான எண்ணத்திலிருந்து பிறப்பவை. கனடா முழுவதும் ஒரே குளிர் இல்லை. தமிழர்கள் செறிந்து வாழும் ரொறன்ரோவில் ஜனவரி இரவுகளின் சராசரி பூச்சியத்துக்குக் கீழ் பத்துப் பாகைக்கு உள்ளேதான். அங்கே 5டபிள்யூ ஒயிலுக்கும் ஒரு குறையும் வராது. வின்னிபெக்கில் அந்தச் சராசரியே மைனஸ் 20ஐத் தாண்டும். 1980களின் பிற்பகுதியிலிருந்து எங்கள் தமிழர்கள் பலர் வட நோர்வேயின் ஃபின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில் வேலை செய்தார்கள். வடதுருவ வட்டத்துக்கு மேலே என்றாலும், வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் அந்தக் கரையோரக் குளிர் அவ்வளவு கொடியதில்லை. உள்ளே கராஸ்யொக் என்ற ஊருக்குப் போனால் மைனஸ் 50ஐத் தாண்டிய பதிவே உண்டு. ஒரே மாகாணத்துக்குள் இரண்டு ஒயில் முடிவுகள். ‘பனி நாடு’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முதல் இலக்கத்தைக்கூடத் தீர்மானிக்க முடியாது என்றால், இரண்டாவது இலக்கத்தை எப்படித் தீர்மானிப்பது?

இலக்கங்கள் மட்டுமே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. 2018இல் சீனாவின் வடபகுதிக் குளிரில் ஹொண்டா சிஆர்-வி கார்களின் 1.5 லீற்றர் ரேர்போ எஞ்சினில் ஒயில் மட்டம் தானாக உயரத் தொடங்கியது. ஒயில் பெருகவில்லை, எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவர் வழியே கீழே வடிந்து ஒயிலோடு கலந்தது. குளிர் ஒரு காரணம். எஞ்சின் சூடேறுமுன்பே முடிந்துவிடும் குறுகிய பயணங்கள் மற்றக் காரணம். நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, இலட்சக்கணக்கான கார்களைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. கானில் இருக்கும்போது அந்த ஒயில் எந்தச் சோதனையிலும் தேறியிருக்கும். எஞ்சினுக்குள் போன பிறகு அது வேறொரு திரவமாகிவிட்டது.

இப்போது பாண்டிருப்புக்குத் திரும்புவோம். கடுங்குளிர்க் கதைகளெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 0டபிள்யூ-20 ஒயிலின் பிசுக்குமை 100 பாகையில் எட்டரை சென்ரிஸ்ரோக் அளவில் இருக்கும். 40 பாகையில் அது சுமார் 45. அதாவது ஐந்து மடங்கு தடிப்பு. 20டபிள்யூ-50 ஒயிலில் 100 பாகையில் 18 என்றால் 40 பாகையில் 160ஐத் தாண்டும்; கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. விடியற்காலையில் வாசலில் நிற்கும் காருக்குள் ஒயில் 40 பாகையில்கூட இல்லை, 25இல்தான் நிற்கிறது. தடிப்பு இன்னும் கூட. எஞ்சின் கேட்பது 100 பாகையில் உள்ள ஒயிலை. அந்தக் கணக்கில் பார்த்தால் எஞ்சினுக்கு நம் வெயிலூரின் காலையும் ஒரு சிறு குளிர்காலம்தான். மைனஸ் 30இல் போல பெயரிங் உடைந்துவிடாது. ஆனால் மேலே உள்ள கம்ஷாஃப்ட்டுக்கு ஒயில் சேரச் சில வினாடிகள் பிந்தும். தடித்த ஒயில் ஃபில்ரரின் காகிதத்தினூடாகப் போக மறுத்தால், ஃபில்ரருக்குள் இருக்கும் மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டாத ஒயிலே உள்ளே போகும். இயந்திரம் தேய்வதில் பெரும் பங்கு இந்த முதல் நிமிடங்களில்தான். கலப்பின வாகனங்களில் நிலைமை இன்னும் சிக்கல். அக்குவாவோ வெகனாரோ சந்தியில் எஞ்சினை அணைக்கும், மீண்டும் எழுப்பும். கல்முனைச் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு பாண்டிருப்புக்குத் திரும்பும் பயணத்தில் அந்த எஞ்சினின் ஒயில் முழுச் சூட்டை ஒருமுறைகூடத் தொடாமல் போகலாம். வடசீனத்து ஒயிலில் பெற்றோல் சேர்ந்ததற்கு இருந்த காரணங்களில் ஒன்று, பனி இல்லாமலே, நம் வீட்டு வாசலிலும் இருக்கிறது. எம்3இன் மஞ்சள் விளக்குகளை நம் டாஷ்போர்டில் பொருத்தினால் அவை பாதி வழிக்கு எரிந்துகொண்டேயிருக்கும்.

முக்கியமான மறுப்பு வெயிலிலிருந்து வருகிறது. 35 பாகை வெயிலில் நின்று ஓடும் எஞ்சினுக்கு மெல்லிய ஒயில் ‘எரிந்துபோகும்’ என்பார்கள். எஞ்சினுக்குள் தண்ணீரின் சூட்டை தேர்மோஸ்ரற் என்ற வால்வு கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 பாகைக்குள் அது திறக்கும். வெளியில் 5 பாகையானாலும் 35 பாகையானாலும் சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் அந்தச் சூட்டைச் சுற்றியே நிற்கும். ரேடியேற்றர் அடைபட்டு, மின்விசிறி பழுதாகி, சூடு கட்டுக்கு மீறினால் அதற்கு மருந்து ரேடியேற்றரைச் சுத்தம் செய்வது. ஒயிலைத் தடிப்பாக்குவது ஓட்டைக் கூரைக்குக் கீழே பெரிய வாளி வைப்பது போலத்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெயில் நாட்டு ஒயில் என்று நாம் கொண்டாடும் 20டபிள்யூ-50 பிரபலமானது மழையும் மூடுபனியும் நிறைந்த இங்கிலாந்தில். 1959இல் வந்த மினி காரில் எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரே ஒயிலைப் பங்குபோட்டன. கியர்ப் பற்கள் ஒயிலை அரைத்து நீர்க்கச்செய்தன. அந்த அரைப்பைத் தாங்க டக்கம்ஸ் நிறுவனம் பச்சை நிறத்தில் விற்ற 20டபிள்யூ-50 பெரும் பேர் பெற்றது. நாம் வெயிலுக்காக என்று நம்பி ஊற்றுகிற தடிப்பு, கியருக்காகப் பேர்பெற்ற தடிப்பு.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்றும் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. மெல்லிய ஒயில்களின் பின்னால் எஞ்சினின் நலன் மட்டும் இல்லை, எரிபொருள் சிக்கனச் சட்டங்களும் இருக்கின்றன. மெல்லிய ஒயில் உராய்வைக் குறைத்து ஒன்றிரண்டு வீதம் பெற்றோலை மிச்சம்பிடிக்கும். ஒவ்வொரு துளியையும் கணக்குக் காட்ட வேண்டிய கம்பனிகளுக்கு அது பெரிய விஷயம். இரண்டாவது இலக்கத்தில் 2013இல் 16 என்ற தரமும், 2015இல் 12, 8 என்ற தரங்களும் வந்தது இந்த ஓட்டத்தில்தான். ஒரே எஞ்சினுக்கு ஒரு நாட்டுக் கைநூல் 0டபிள்யூ-20 என்று மட்டும் சொல்ல, இன்னொரு நாட்டுக் கைநூல் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 வரை அனுமதிப்பதும் நடக்கிறது. ஆகவே அக்குவாவுக்கு 5டபிள்யூ-30 ஊற்றியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. கைநூல் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அந்த வட்டத்துக்குள் வெயிலையும் பாரத்தையும் பார்த்து ஒரு படி ஏறுவதோ இறங்குவதோ நியாயம். பிழை வட்டத்தை விட்டு வெளியேறுவதில் தொடங்குகிறது. இன்றைய எஞ்சினில் ஒயில் வெறும் வழுக்கி மட்டும் இல்லை. வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வேலையாளும் அதுவே. ஊசி நுழையும் அளவுத் துவாரங்களினூடாக அழுத்தத்தோடு ஓடி அது அந்த வேலையைச் செய்கிறது. 0டபிள்யூ-20க்காக அளவெடுத்த துவாரத்துக்குள் 20டபிள்யூ-50ஐத் தள்ளினால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

பழைய மொறிஸ் மைனர் ஒரே ஒயிலில் ஐம்பது வருடம் ஓடியதே என்பார்கள். ஓடியதுதான். அந்த எஞ்சினின் இடைவெளிகள் பெரியவை, ஒயிலிடம் அது கேட்ட வேலை குறைவு. இன்றைக்கும் அதற்குத் தடித்த ஒயில்தான் பொருத்தம். அதுவும் கட்டியவன் சொன்னபடி நடப்பதுதானே. புகை தள்ளும் பழைய எஞ்சினுக்குத் தடித்த ஒயில் ஊற்றினால் புகை குறையும் என்பதும் சரி. அது நோவுக்குப் போடும் பனடோல் மாதிரி. ரிங் தேய்ந்த கணக்கு அப்படியே இருக்கும்.

மறுபக்கத்தில், வசதி உள்ளவர்களின் பிழை வேறு விதம். ஆக விலைகூடிய ஒயிலே எல்லாவற்றுக்கும் நல்லது என்று 0டபிள்யூ-40 செயற்கை ஒயிலை வாங்கி மோட்டார் சைக்கிளுக்கும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளிலும், நாலு ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டியிலும், அந்தக் கால மினியைப் போல எஞ்சினும் கியரும், அதற்கு மேலாகக் கிளச்சும், ஒரே ஒயிலுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. பெற்றோல் மிச்சம்பிடிக்கக் கார் ஒயில் சிலவற்றில் சேர்க்கும் வழுக்குப் பொருட்கள் அந்தக் கிளச்சை நழுவச் செய்யும். அதனால்தான் மோட்டார் சைக்கிள் ஒயிலில் ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக்குறி தேடப்படுகிறது. அகன்ற வீச்சுள்ள ஒயிலுக்கும் ஒரு விலை உண்டு. 0 முதல் 40 வரை நீட்டிப்பிடிக்க அதில் பல்பகுதியங்கள் சேர்க்கப்படுகின்றன. எஞ்சினுக்குள் அவை மெல்ல மெல்ல அறுபட்டு, ஒயில் தன் தடிப்பைக் கொஞ்சம் இழக்கும். வின்னிபெக்கில் அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். மைனஸ் ஒரு பாகையைக்கூடக் காணாத கரையோரத்தில், கைநூல் கேட்காதபோது அதைக் கொடுப்பது வீண் செலவு.

செலவு என்றதும் ஏழையின் கேள்வி வருகிறது: நல்ல ஒயிலுக்கு ஒரு சாதாரண ஓட்டோக்காரர் எங்கே போவார்? சரியான ஒயில் என்பது விலைகூடிய ஒயில் என்று பொருள்படாது. இலக்கத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது கானின் பின்புறத்தில் ஏபிஐ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வகுப்பு. பெற்றோல் எஞ்சினுக்கு எஸ் என்று தொடங்கும் இரண்டு எழுத்துகள் அவை. எஸ்எஃப் என்பது 1988க்கு முந்திய கார்களுக்கானது. எஸ்எல் 2004க்கு முந்தியவற்றுக்கானது. எஸ்பி 2020இல் வந்தது. சிறிய ரேர்போ எஞ்சின்களைச் சிதறடிக்கக்கூடிய முன்கூட்டிய எரிதலைத் தடுக்கும் சோதனை எஸ்பி வகுப்பில் சேர்ந்திருக்கிறது. எந்தக் கம்பனியின் பெயர் பெரிது என்று பார்ப்பதைவிட இந்த இரண்டு எழுத்துகளைப் பார்ப்பது மலிவான புத்திசாலித்தனம். நம் நாட்டில் அந்தப் புத்திசாலித்தனம் இன்னும் அவசியம். இங்கே 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் வீதியிலிருந்த வாகனங்களெல்லாம் ஐந்து வயது கூடின. ஒரு எஞ்சின் செத்தால் அதைத் திரும்ப வாங்கும் விலை குடும்பத்தின் தலையில்தான். போலி ஒயில் பற்றிய பயமும் பொய்யில்லை. உராய்வு நீக்கி எண்ணெய்ச் சந்தை பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லிவரும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, கானில் உள்ள இலக்கத்துக்கும் வகுப்புக்கும் தமிழில், ஓட்டோக்காரருக்கு விளங்கும் மொழியில், ஒரு பக்க விளக்கம் அச்சிட்டு ஒவ்வொரு ஒயில் கடையிலும் ஒட்டவைத்தால் பெரும் உபகாரம்.

அதற்குக் காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒயில் மாற்றி முடிந்ததும் சேர்விஸ் ஸ்டேஷனில் கண்ணாடியின் மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதில் இன்றைய திகதி இருக்கும், அடுத்து எத்தனையாவது கிலோமீற்றரில் வர வேண்டும் என்பது இருக்கும், கடையின் தொலைபேசி இலக்கம் பெரிதாக இருக்கும். உள்ளே என்ன ஊற்றினார்கள் என்பது பெரும்பாலும் இராது. ஆறு மாதம் கழித்து வேறொரு கராஜில் ஒயில் குறைந்துவிட்டது என்று அரை லீற்றர் சேர்க்கும்போது, எதோடு எதைக் கலக்கிறோம் என்று ஓட்டுபவருக்கும் தெரியாது, ஊற்றுபவருக்கும் தெரியாது. கிலோமீற்றருக்குக் கீழே இன்னொரு வரி எழுதுவதற்கு அந்த ஸ்டிக்கரில் இடம் தாராளமாக இருக்கிறது: 0டபிள்யூ-20, எஸ்பி. பேனையும் அவர்களின் கையில்தான் இருக்கிறது.